திங்கள், புதன், வெள்ளி

பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக மெஹராஜ் பதில் பேசாமல் இருந்தாள். கமர்ஜஹானுக்கு அது செருப்படி வாங்கியதுபோல் இருந்தது.

புரட்டாசி மாதம், ஒரு வியாழக்கிழமைக் காலை. முற்றத்துக் குழாயில் தண்ணீர் வரும் நேரம். மெஹராஜ் முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து மூன்றாவது குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கமர்ஜஹான் பின்னால் வந்து நின்று வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"ஊரையே குளிப்பாட்டப் போறியாக்கும்? அடுத்தவங்களுக்கு மிச்சம் வைக்கணும்னு பெத்தவ சொல்லிக் குடுத்து வளத்திருந்தால்ல!"

பெற்றவளை இழுத்தால் மெஹராஜ் விடமாட்டாள். எரியோட்டில் வாழ்ந்து முடிந்த அவள் அம்மாவைப் பற்றி ஒரு சொல் விழுந்தால் போதும், குடத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நிற்பாள். அன்றைக்கு அசையவே இல்லை. குடம் நிறைந்து வழிந்தது. இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பியபோதுதான் கமர்ஜஹான் நிற்பதைப் பார்த்தவள்போல் லேசாகத் திடுக்கிட்டாள். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு தன் வாசலுக்குள் போய்விட்டாள்.

"திமிரப் பாரு," என்றாள் கமர்ஜஹான், காலிக் குழாயடியைப் பார்த்து.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் அப்துல் ஹக்கீமைக் கட்டியவள் கமர்ஜஹான். தம்பி முகமது பாரூக்கைக் கட்டியவள் மெஹராஜ். புருஷன்மார் இருவரும் மவுத்தாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பேகம்பூர்ச் சந்திலிருந்த வீட்டைப் பதினான்கு வருஷம் முன்னால் நடுவில் சுவர் வைத்துப் பிரித்த பிறகு முற்றமும் குழாயும் மட்டும் பொதுவாக நின்றன. சண்டைக்கு அந்த இடம் போதுமானதாக இருந்தது. கமர்ஜஹானின் மகன் ரஃபி சவுதியில் இருந்தான். மெஹராஜுக்கு ஒரே மகள், பாஸிலா, நத்தத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

மெஹராஜுக்கு நெஞ்சில் நோய். பீடி சிகரெட்டைத் தொட்டவள் இல்லை, எல்லாம் விறகுப் புகையில் வந்தது. அண்ணன் தம்பி இருவரும் பிரியாணிக் கடை நடத்திய காலத்தில், கடையில் இடம் பத்தாமல் சமையல் வீட்டிலேயே நடந்தது. பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதற்குள் பத்தொன்பது வருஷம் கருவேல விறகின் முன்னால் உட்கார்ந்து வெங்காயம் வதக்கி, கறி வேகவைத்து, தம் போட்டவள் மெஹராஜ். ஐம்பத்தைந்து வயதில் அவளால் பத்துப் படி ஏற முடியவில்லை. மழையும் பனியும் வந்தால் சளி முற்றி நெஞ்சு அடைத்துக்கொள்ளும். போன வருஷம் மட்டும் நாலு தடவை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள்.

நாலாவது தடவை வீட்டுக்கு அனுப்பும்போதுதான் நெஞ்சு நோய் டாக்டர் தமிழ்மதி அந்த மாத்திரையை எழுதினார். பாஸிலா அப்போது பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். வேறு ஆளில்லாமல், தெருவின் வாய்க்குப் பயந்து, கமர்ஜஹான்தான் துணைக்குப் போயிருந்தாள்.

"இது ஆன்டிபயாட்டிக், அஸித்ரோமைசின்," என்றார் டாக்டர். "சளிக் காய்ச்சலுக்கு மூணு நாள் போடுற அதே மாத்திரைதான். நீங்க இதை வியாதி முத்தாம இருக்கிறதுக்காகப் போடப் போறீங்க. திங்கள், புதன், வெள்ளி. ஒரு வருஷம் போட்டுப் பார்ப்போம். எல்லாருக்கும் இதைக் குடுக்கிறதில்லை. உங்களை மாதிரி திரும்பத் திரும்ப அட்மிட் ஆகுறவங்களுக்குத்தான்."

இ.சி.ஜி. எடுத்துத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தார். டி.பி. போன்ற கிருமி ஏதும் உள்ளே இருக்கிறதா என்று சளியைச் சோதனைக்கு அனுப்பினார். காதுக்கும் ஒரு டெஸ்ட் வைத்தார். கடைசியில் சீட்டைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னார்: "காதுல இரைச்சல் கேட்டாலோ மந்தமானாலோ அன்னைக்கே வந்து சொல்லணும். ஒளிக்கக் கூடாது."

மாத்திரை வேலை செய்தது. ஆறு மாதம் மெஹராஜ் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. தானே மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் கறி வாங்கி வந்தாள். போன வருஷம் பாதித் திட்டிலேயே இருமல் வந்து தோற்றுப் போனவள், இப்போது கமர்ஜஹானின் மூன்று தலைமுறையை ஒரே மூச்சில் இழுத்துப் போட்டாள். கமர்ஜஹானுக்கு அந்த டாக்டர் மேலேயே எரிச்சலாக வந்தது.

அப்படிப்பட்டவள்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமையும் பதில் இல்லை. சனிக்கிழமை முகத்துக்கு நேரே சொன்னதற்கு மட்டும் பதில் வந்தது, அதுவும் சம்பந்தமில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை மெஹராஜ் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கமர்ஜஹான் பின்னால் போய்க் கையிலிருந்த அலுமினிய மூடியைத் தரையில் போட்டாள். குழாயடியில் மேய்ந்த பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. மெஹராஜ் ஈரச் சேலையை உதறிக்கொண்டே இருந்தாள்.

"மெஹராஜ்," என்று கூப்பிட்டாள் கமர்ஜஹான். அந்தப் பெயரை வாயால் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. மெஹராஜ் திரும்பவில்லை. கமர்ஜஹான் இன்னும் இரண்டு எட்டு முன்னால் வைத்தாள்.

ஏன் அந்த நேரத்தில் அதைச் சொன்னாள் என்பது கமர்ஜஹானுக்குப் பிற்பாடும் விளங்கவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, கடைக்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"ஒன்னய அந்த ரூமுக்குள்ள போட்டது நாந்தான். முத்தத்துல நின்னு ஆக்குனா தெருவே பாக்குதுன்னு எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னது பொய்யி. திங்கிறவனெல்லாம் ஒன் கைய மெச்சுனான், எனக்குப் பொறுக்கல. அங்க ஜன்னல் இல்லன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

மெஹராஜ் வாளியிலிருந்து இன்னொரு ரவிக்கையை எடுத்துப் பிழிந்தாள்.

கமர்ஜஹான் குனிந்து மூடியை எடுத்தாள். சுற்றிக்கொண்டு போய் எதிரில் நின்றாள்.

"ஒனக்குக் காது கேக்கல."

மெஹராஜ் அவள் உதட்டைப் பார்த்தாள். "ஒன் கொரலக் கேக்கப் புடிக்கல. அதான்."

"புளுகாத. இப்ப பின்னாடி நின்னு நான் என்ன சொன்னேன்? சொல்லு பாப்போம்."

ரவிக்கையைக் கொடியில் போடாமல் மெஹராஜ் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் வந்து போனதைக் கமர்ஜஹான் பார்த்தாள். அதைப் பார்க்கத் திருப்தியாகவும் இருந்தது.

"ரெண்டு மாசமா இரையுது," என்றாள் மெஹராஜ். குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. "மொதல்ல ராவும் பகலும் கிய்யின்னு கெடந்துச்சு. இப்ப எல்லாருமே தூரத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு. அதுக்கு இப்ப என்னாங்குற?"

"டாக்டரம்மா சொல்லச் சொன்னாங்கள்ல?"

"சொன்னா மாத்திரைய நிப்பாட்டிருவாங்க. காது போனாப் போகட்டும்." அவள் கிட்டத்தில் வந்தாள். "போன தடவ வார்டுல என் கால்மாட்டுல நின்னியே, நெனப்பிருக்கா? வாயத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டுக் கெடந்தேன். நீ கையக் கட்டிக்கிட்டு நின்னு பாத்த. ஒரு வார்த்த ஒன்ன எதுத்துச் சொல்ல முடியல என்னால. இன்னொரு தடவ ஒன் கண்ணு முன்னாடி அப்புடிக் கெடக்க மாட்டேன். அதுக்குச் செவிடாவே மவுத்தாயிட்டுப் போறேன். இத எவகிட்டயாவது சொன்ன, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்."

மறுநாள் பாஸிலா கமர்ஜஹானுக்குப் போன் செய்தாள். பெரியம்மா என்றால் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பிரியம். நடுவில் சுவர் எழும்பிய பிறகும் இரண்டு பக்கமும் சோறு தின்று வளர்ந்தவள் அவள் ஒருத்திதான்.

"அம்மா ஏன் பெரியம்மா போனே எடுக்க மாட்டேங்குது? நேத்துலருந்து பத்துத் தடவ அடிச்சிட்டேன். ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?"

கமர்ஜஹான் போனை மறு காதுக்கு மாற்றினாள். சொல்வதற்கு நல்ல காரணம் இருந்தது. ஆனால் நாக்கை அறுப்பேன் என்று சொன்னவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஆங்காரமும் இருந்தது. எது முந்திக்கொண்டது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

"ஒங்கம்மாவுக்குக் காது அவிஞ்சு போச்சு," என்றாள். "அந்த மாத்திரையால. எல்லார்ட்டயும் மறைக்கிறா. வந்து கூட்டிட்டுப் போ."

புதன்கிழமை பாஸிலா வந்துவிட்டாள். கைப்பிள்ளையோடு தனியாகச் சமாளிக்க முடியாது என்று பெரியம்மாவையும் ஆட்டோவில் ஏற்றினாள். வழி முழுக்க மெஹராஜ் வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் தமிழ்மதி புது டெஸ்ட் தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "காது நரம்பு பாதிச்சிருக்கு. இன்னையோட மாத்திரையை நிறுத்துறோம். கொஞ்சம் திரும்பி வரும். முழுசா வருமான்னு சொல்ல முடியாது. ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா இம்புட்டு தூரம் போயிருக்காதும்மா."

பாஸிலா அதை அம்மாவின் வலது காதுக்குள் கத்திச் சொன்னாள்.

"நிப்பாட்டாதீங்க டாக்டரம்மா," என்றாள் மெஹராஜ். "மழ வருது."

"மழை வர்றது எனக்கும் தெரியும். இன்ஹேலரை ஒரு நாள் விடாம இழுக்கணும். தடுப்பூசி போட்டுடலாம். வீட்ல விறகடுப்பு, புகை ஏதாவது இன்னும் இருக்கா?"

மெஹராஜ் கையை நீட்டினாள். "இவ வெந்நியடுப்பு இருக்கு. முத்தத்துல தெனமும் கொளுத்துறா. பொகை பூராவும் எம் பக்கந்தான்."

டாக்டர் கமர்ஜஹான் பக்கம் திரும்பினார். "அதை நிறுத்திடுங்கம்மா. மாத்திரையும் இல்லாத நேரத்துல அந்தப் புகை இவங்களுக்கு ஆகவே ஆகாது."

"எனக்கு முட்டுவலி. வெந்நி வேணும். அதுக்கும் இவட்ட உத்தரவு கேக்கணுமா?"

டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தார். வெளியே வந்ததும் மெஹராஜ் நின்றாள். "சந்தோசந்தான? போ. போயி நல்லாக் கொளுத்து."

மறுநாள் காலையில் கமர்ஜஹான் கொளுத்தினாள். அன்றைக்கு முட்டி வலிக்கக்கூட இல்லை. அதற்கு மறுநாளும், அதற்கு மறுநாளும் கொளுத்தினாள். ஐப்பசி மழையில் விறகு நமத்துப்போய், புகை மேலே ஏறாமல் முற்றத்திலேயே படுத்துக் கிடந்தது. மெஹராஜ் ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்தாள். பின்னால் நின்று சொல்வதற்குப் பதில்கள் மறுபடி வர ஆரம்பித்திருந்தன. வலது காது பெரும்பாலும் திரும்பிவிட்டது, இடது மந்தமாகவே நின்றுவிட்டது. ஆனால் பதில்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. மூன்று சொல், பிறகு ஓர் இருமல். இரண்டு சொல், பிறகு நெடுநேரம் இருமல்.

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் நின்றுபோயிருப்பது கமர்ஜஹானுக்கு உறைத்தது. எட்டிப் பார்க்கலாமா வேண்டாமா என்று துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு போய்க் கதவைத் தள்ளினாள்.

மெஹராஜ் கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. இன்ஹேலர் தரையில் உருண்டு கிடந்தது. கமர்ஜஹானைப் பார்த்ததும் கையைத் தூக்கிப் "போ" என்று காட்டினாள்.

"போறதா? ஏன்டி, அறிவு கெட்டவளே, சாகப் போறியா?" கமர்ஜஹான் தெருவுக்கு ஓடினாள். சந்து முனையில் ஸ்டீபன்ராஜின் ஆட்டோ எப்போதும் நிற்கும். அவனும் அவளுமாக ஆளுக்கொரு பக்கம் தாங்கி மெஹராஜை ஏற்றினார்கள். குலுங்கிய போதெல்லாம் மெஹராஜ் ஆட்டோக் கம்பியைப் பிடித்தாளே தவிர, பக்கத்தில் நீண்ட கையைப் பிடிக்கவில்லை.

ஆறு நாள் வார்டில் இருந்தாள். ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி. கமர்ஜஹான் தினமும் அடுக்குக் கேரியரில் கஞ்சியும் ரசம் சாதமும் கொண்டுபோனாள். கால்மாட்டில் நிற்காமல் வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டாள். நத்தத்திலிருந்து வந்திருந்த பாஸிலாதான் உள்ளே எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

நாலாம் நாள் மெஹராஜுக்குப் பேச்சு வந்துவிட்டது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, வீட்டில் கூட இருப்பவரும் வரட்டும் என்று சொன்னதால் கமர்ஜஹானும் உள்ளே போய் நின்றாள்.

"இனி என்ன செய்யலாம்னு பார்ப்போம்," என்றார் தமிழ்மதி. "பழைய மாத்திரையைக் குளிர் மாசங்கள்ல மட்டும் திரும்பப் போடலாம். மாசம் ஒரு தடவை காது டெஸ்ட் கட்டாயம். கொஞ்சம் இறங்கினாலும் நிறுத்திடுவேன். அதுலயும் இருக்கிற காது இன்னும் கொஞ்சம் போக வாய்ப்பு இருக்கு, அதை மறைக்க விரும்பலை. இன்னொண்ணு, காதுக்கு ஆபத்தில்லாத வேற ஆன்டிபயாட்டிக் இருக்கு. ஆனா அது இந்த அளவுக்குத் தடுக்கும்னு உறுதியாச் சொல்ல ஆதாரம் இல்லை. எதுவா இருந்தாலும் நீங்களா கடையில வாங்கிப் போடக் கூடாது. கண்டபடி போட்டா கிருமி பழகிடும், நிஜமாவே தேவைப்படுற நேரத்துல மருந்து வேலை செய்யாது."

"பழசே குடுங்க," என்றாள் மெஹராஜ். "மாசாமாசம் டெஸ்டுக்கு வாரேன். இந்தத் தடவ ஒளிக்க மாட்டேன்."

"இந்த அட்டாக் எதனால வந்துச்சு டாக்டர்?" என்று கேட்டாள் பாஸிலா.

"சளி பிடிச்சிருக்கு. குளிர். புகை. மாத்திரை நின்னது. இதுல ஒண்ணை மட்டும் கைகாட்ட முடியாதும்மா."

"எனக்குத் தெரியும்," என்றாள் மெஹராஜ். "இவ அடுப்பு."

பாஸிலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா இரும்மா. அன்னைக்குப் பெரியம்மா மட்டும் பாக்கலன்னா நீ இன்னைக்கு இல்ல. தூக்கிட்டு வந்ததும் அவங்கதான், தெனம் ஆக்கிக் கொண்டாந்து கொட்டுறதும் அவங்கதான். இந்த வயசுலயும் அவங்கள என்னத்துக்கு இப்புடிக் கரிச்சுக் கொட்டுற? அப்புடி என்ன செஞ்சுட்டாங்க ஒனக்கு?"

கமர்ஜஹானால் அந்தப் பரிவைத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பாள்.

"செஞ்சேன்," என்றாள். "கடைக்கி முத்தத்துல நின்னுதான் ஒங்கம்மா மொதல்ல ஆக்குனா. எல்லாரும் அவ கையப் பத்தியே பேசுனாங்க. நாந்தான் ஒங்க பெரியத்தாட்ட பொய் சொல்லி அவள அந்த ஜன்னல் இல்லாத ரூமுக்குள்ள தள்ளுனேன். அவ இருமுனது எனக்குக் கேட்டுச்சு. வருசக்கணக்காக் கேட்டுச்சு. வெளிய கொண்டாரல. டாக்டரம்மா நிப்பாட்டச் சொன்னப்புறமும் அடுப்பக் கொளுத்துனதும் வீம்புக்குத்தான்."

டாக்டர் சீட்டில் பேனாவை வைத்தபடி நின்றார். பக்கத்துக் கட்டில் நோயாளிகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மெஹராஜ் வலது காதைத் திருப்பி முழுசும் கேட்டிருந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"என்னய அந்த ரூமுக்குள்ள போட்ட அன்னைக்கே இது எனக்குத் தெரியும். ஒன் மூஞ்சியப் படிக்கத் தெரியாதா எனக்கு? ஒன் வாயால வரணும்னுதான் இருந்தேன். வந்துருச்சு. மன்னிப்பு, மாஃப்னு கேட்டுறாத. குடுக்க மாட்டேன்."

"நான் கேக்கல," என்றாள் கமர்ஜஹான்.

"அப்ப வெளிய போ."

பாஸிலா கமர்ஜஹானின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலின் மேல் இருந்த கேரியரை, திறக்காமல், அப்படியே எடுத்துக் கமர்ஜஹான் கையில் கொடுத்தாள். பெரியம்மா என்ற சொல் அவள் வாயிலிருந்து அதற்குப் பிறகு வரவில்லை.

வீட்டுக்கு வந்து கமர்ஜஹான் வெந்நீரடுப்பின் கற்களைக் கடப்பாறையால் பெயர்த்துச் சந்து முனையில் கொண்டுபோய்க் கொட்டினாள். இரண்டு நாள் கை வீங்கியிருந்தது. அதைப் பார்க்க யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பாஸிலா தன் அம்மாவை நேராக நத்தத்துக்கு அழைத்துப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு செய்தி எல்லாம் ஸ்டீபன்ராஜ் மூலம்தான். மாதம் ஒரு முறை நத்தம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களை அவன்தான் டெஸ்டுக்கு ஏற்றிப் போனான். மார்கழியில் காது அப்படியே இருந்தது. தை மாதம் ஒரு முறை நெஞ்சு அடைத்தது, வீட்டிலேயே மருந்தோடு சரியாகிவிட்டது, ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. மாசியில் இடது காது இன்னும் கொஞ்சம் இறங்கியதால் டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். அதற்குள் பனி போய்விட்டிருந்தது.

அந்த மாசியில்தான் மெஹராஜ் தன் துணிமணி, பாத்திரங்களை எடுக்க வந்தாள். பாஸிலா சந்து முனையிலேயே ஆட்டோவில் இருந்துகொண்டாள். மெஹராஜ் முகத்தில் சதை பிடித்திருந்தது. இடது காதில் கேட்கும் மெஷின் மாட்டியிருந்தாள். இரண்டு மூட்டையைத் தானே இழுத்து வாசலில் வைத்துவிட்டுப் பூட்டினாள். ஒரு தரம்கூட நின்று மூச்சு வாங்கவில்லை.

கமர்ஜஹான் குழாயடியில் நின்றிருந்தாள். "ஒடம்பு தேவலையா?"

"என்னது?"

"ஒடம்பு தேவலையான்னு கேட்டேன்."

"ஒம் மூஞ்சியப் பாக்காத எடத்துல இருக்கேன். தேவலையா இல்லாம?" என்று சொல்லிவிட்டு மூட்டைகளை இழுத்துக்கொண்டு போனாள்.

மறு வாரம் எதிர்வீட்டுத் தஹ்சீன் தண்ணீர் பிடிக்க வந்தாள். அவள் வீட்டு மோட்டார் ரிப்பேர். பூட்டியிருந்த கதவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நல்லதாப் போச்சுக்கா. எந்நேரமும் இருமலும் ஏச்சுமா, இந்தச் சந்துல மனுசன் குடியிருக்க முடிஞ்சுச்சா? அந்தச் செவிட்டுப் பொம்பளயோட இம்புட்டு நாளு எப்புடித்தான் காலந்தள்ளுனீங்களோ."

கமர்ஜஹான் தஹ்சீனின் குடத்தைக் குழாயடியிலிருந்து எடுத்தாள். பாதி நிறைந்திருந்த தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள்.

"எவடி செவிடு? அவ இருமல ஒன் வீட்டுக்கா அளந்து ஊத்துனா? இந்தத் தெருவுல இருவது வருசம் பிரியாணி வாங்கித் தின்னுச்சே ஒன் குடும்பம், அது எவ கைன்னு தெரியுமா? அவளப் பேச நீ யாரு? பேசுறதுன்னா நான் பேசுவேன். நீ வாயத் தொறந்த, பல்லு இருக்காது. தூக்கு ஒன் கொடத்த."

தஹ்சீன் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு, "ஒனக்குப் பைத்தியந்தான்" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே போனாள். அன்றிலிருந்து அந்த வீட்டோடும் கமர்ஜஹானுக்குப் பேச்சு இல்லை.